பலகை வளையுமா? எக்ஸெல்லைக் கேளுங்கள்

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்குபவர்கள் பிராசஸர், மெமரி, ஹார்ட் டிஸ்க் என்று பல நாள் விசாரித்து வாங்குவார்கள். அதை வைக்கும் மேஜையையும் ஷெல்ஃபையும் மட்டும் ஐந்து நிமிடத்தில் முடிவு செய்துவிடுவார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் பிரிண்டர் வைத்த பலகை நடுவில் தொங்கிக்கொண்டிருக்கும். கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சிலர் சொல்வார்கள். பிளைவுட் வாங்கியிருக்க வேண்டும் என்று சிலர் சொல்வார்கள். உண்மையான காரணம் பெரும்பாலும் இரண்டும் இல்லை.

பூந்தமல்லி சாலையில் காட்டுப்பாக்கம் பகுதியில் இருக்கும் எங்களுக்கு இந்தக் கேள்வி கொஞ்சம் முக்கியமானது. 2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு எங்கள் தெருவில் பலர் யூபிஎஸ், சிபியு, இன்வெர்ட்டர் பேட்டரி எல்லாவற்றையும் தரையிலிருந்து தூக்கி ஷெல்ஃபில் வைக்கத் தொடங்கினார்கள். தண்ணீரிலிருந்து தப்பித்த பொருள் பலகை உடைந்து கீழே விழக்கூடாது அல்லவா? எந்தப் பலகை எவ்வளவு எடைக்கு எத்தனை மில்லிமீட்டர் வளையும் என்பதை வாங்கும் முன்பே கணக்கிட்டுவிடலாம். அதற்கு எக்ஸெல் போதும். பணம் கொடுத்து வாங்க விருப்பம் இல்லாதவர்கள் இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க் புரோகிராமைப் பயன்படுத்தலாம். பத்து வரிசைகள்தான் வேலை.

எல்லாப் பொருளும் ஸ்பிரிங்தான்

ரப்பர் பேண்டை இழுத்தால் நீள்கிறது, விட்டால் பழைய நிலைக்கு வருகிறது. இந்தக் குணத்தை மீட்சித் தன்மை என்கிறோம். ரப்பருக்கு மட்டுமல்ல, இரும்பு, மரம், கண்ணாடி, கான்கிரீட் எல்லாவற்றுக்கும் இந்தக் குணம் உண்டு. அவை நீள்வது கண்ணுக்குத் தெரியாத அளவு குறைவு என்பதுதான் வித்தியாசம்.

இதை முதலில் விதியாகச் சொன்னவர் இங்கிலாந்தின் ராபர்ட் ஹூக். நம் பாஸ்வேர்டு காலத்துக்குப் பொருத்தமான ஒரு வேலையை அவர் அன்றே செய்தார். 1676-ல் தன் கண்டுபிடிப்பை லத்தீன் மொழியில் எழுதி, அதிலிருந்த 14 எழுத்துகளையும் அகர வரிசையில் அடுக்கி அப்படியே அச்சிட்டுவிட்டார். யாருக்கும் புரியவில்லை. ஆனால் கண்டுபிடித்தவர் தான்தான் என்பதற்கு அதுவே சாட்சி ஆகிவிட்டது. இரண்டு ஆண்டு கழித்து, 1678-ல், விடையை வெளியிட்டார். இழுக்கும் விசையை இரண்டு மடங்கு ஆக்கினால் நீட்சியும் இரண்டு மடங்கு ஆகும் என்பதுதான் அந்த ரகசியம்.

ஆனால் ஒரே விசைக்கு இரும்பு கொஞ்சமாகவும் மரம் அதிகமாகவும் நீள்கிறது. ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு எண் இருந்தால் கணக்கு எளிதாகிவிடும். அந்த எண்ணுக்கு யங் குணகம் என்று பெயர். லண்டன் டாக்டர் தாமஸ் யங் 1807-ல் வெளியிட்ட சொற்பொழிவுகளிலிருந்து இந்தப் பெயர் வந்தது. எகிப்தியப் பட எழுத்துகளைப் படிக்க வழிகாட்டியவர்களில் ஒருவரும் இவர்தான். நம் பிளஸ் ஒன் இயற்பியல் பாடத்தில் படித்தது பலருக்கு நினைவிருக்கும்.

சில பொருள்களின் யங் குணகத்தைக் கீழே தருகிறேன். எல்லாம் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற கணக்கில். (ஒரு கிலோ எடையின் விசை ஏறத்தாழ 10 நியூட்டன்.)

இரும்பு (ஸ்டீல்) – 2,00,000
அலுமினியம் – 70,000
கண்ணாடி – 70,000
எம்20 கான்கிரீட் – 22,360
தேக்கு – சுமார் 10,000
பிளைவுட் – சுமார் 6,000
பார்ட்டிகிள் போர்டு – சுமார் 2,500

மரம் சம்பந்தப்பட்ட எண்கள் கம்பெனிக்குக் கம்பெனி, துண்டுக்குத் துண்டு மாறும். உங்கள் பலகையின் எண்ணை வீட்டிலேயே கண்டுபிடிக்கும் வழியைப் பின்னால் சொல்கிறேன்.

இழுத்தால் இரும்பு, வளைத்தால் ஈர்க்குச்சி

கட்டட வேலைக்குப் பயன்படும் 10 மி.மீ. கம்பி ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். நீளம் ஒரு மீட்டர். அதைச் செங்குத்தாகத் தொங்கவிட்டு நுனியில் 5 கிலோ எடையைக் கட்டுங்கள். கம்பி எவ்வளவு நீளும்?

விசையை நீளத்தால் பெருக்க வேண்டும். அதை யங் குணகத்தாலும், கம்பியை வெட்டினால் தெரியும் வட்டத்தின் பரப்பளவாலும் வகுக்க வேண்டும். அவ்வளவுதான் சூத்திரம். பரப்பளவு 78.5 சதுர மி.மீ. விடை 0.0032 மி.மீ. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு.

இப்போது அதே கம்பியை இரண்டு செங்கல்லின் மேல் படுக்க வைத்து, நடுவில் அதே 5 கிலோவைத் தொங்கவிடுங்கள். கம்பி 10.6 மி.மீ. கீழே இறங்கும். ஒரே இரும்பு, ஒரே எடை, ஒரே யங் குணகம். ஆனால் வளைவு, நீட்சியைப் போல 3,333 மடங்கு!

ஏன் இப்படி? இழுக்கும்போது கம்பியின் முழு உடம்பும் ஒரே மாதிரி வேலை செய்கிறது. வளையும்போது மேல் பக்கம் அமுங்குகிறது, அடிப்பக்கம் நீள்கிறது. நடுவில் ஓர் இடம் அமுங்குவதும் இல்லை, நீள்வதும் இல்லை. அங்கே இருக்கும் பொருள் ஏறக்குறைய சும்மா இருக்கிறது. நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு அதிகமாக அந்தப் பகுதி வளைவை எதிர்க்கும்.

ஆகவே வளையும் பலகைக்கு மூன்று விஷயங்கள் முக்கியம். முதலாவது, என்ன பொருள் என்பது. அதற்கு யங் குணகம். இரண்டாவது, குறுக்கு வெட்டின் வடிவம். மூன்றாவது, தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம். பொருள் வாங்கும்போதே முடிவாகிவிடுகிறது. வடிவமும் தூரமும் வாங்கிய பிறகும் உங்கள் கையில்தான் இருக்கின்றன. இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வருவது முக்கியமாக அதுதான்.

எக்ஸெல்லில் பத்து வரிசை

எக்ஸெல் அல்லது கால்க் புரோகிராமைத் திறந்து புதிய ஒர்க்ஷீட் எடுத்துக்கொள்ளுங்கள். ஏ பத்தியில் பெயர்கள், பி பத்தியில் எண்கள். செல்களின் பெயரை இங்கே தமிழில் தந்திருக்கிறேன். டைப் செய்யும்போது ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

நாம் எடுத்துக்கொள்ளும் உதாரணம்: கடைகளில் சாதாரணமாகக் கிடைக்கும் 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு. நீளம் மூன்று அடி, அதாவது 900 மி.மீ. அகலம் ஓர் அடி, அதாவது 300 மி.மீ. அதன் மேல் 20 கிலோ. எல்சிடி மானிட்டர் 4 கிலோ, லேசர் பிரிண்டர் 8 கிலோ, யூபிஎஸ் 5 கிலோ, புத்தகங்கள் 3 கிலோ என்று கூட்டினால் இந்த எடை வந்துவிடும்.

பி1 – தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரம்: 900
பி2 – பலகையின் அகலம்: 300
பி3 – தடிமன்: 18
பி4 – யங் குணகம்: 2500
பி5 – எடை, கிலோவில்: 20
பி6 – விசை: =பி5*10
பி7 – வடிவ எண்: =பி2*பி3^3/12
பி8 – வளைவு, மி.மீ.: =பி6*பி1^3/(48*பி4*பி7)
பி9 – அனுமதிக்கும் வளைவு: =பி1/250
பி10 – முடிவு: =இஃப்(பி8<=பி9,"சரி","தொங்கும்")

கூரை போன்ற ^ அடையாளம் எண் 6 இருக்கும் கீயில் இருக்கிறது. ஷிப்ட் கீயுடன் சேர்த்து அழுத்துங்கள். ^3 என்றால் அந்த எண்ணை மூன்று முறை எடுத்துப் பெருக்குவது. அடைப்புக் குறிகளை விட்டுவிடாதீர்கள். விட்டால் விடை தாறுமாறாக வரும்.

பி7-ல் 1,45,800 என்றும் பி8-ல் 8.33 என்றும் வந்தால் சரியாக டைப் செய்திருக்கிறீர்கள். பி10-ல் தொங்கும் என்று வரும்.

பி8-ல் உள்ள சூத்திரம் 18ஆம் நூற்றாண்டில் பெர்னூலி குடும்பத்தினரும் ஆய்லரும் உருவாக்கிய உத்திரக் கணக்கிலிருந்து வருகிறது. பலகையின் இரு முனைகளும் சும்மா தாங்கியின் மேல் உட்கார்ந்திருக்க, எடை முழுவதும் நடுவில் இருந்தால் வரும் வளைவு இது. எடை பலகை முழுவதும் பரவியிருந்தால் இதில் எட்டில் ஐந்து பங்கு, அதாவது 5.2 மி.மீ.தான் வளையும். மோசமான நிலைக்குக் கணக்குப் போட்டுவிட்டால் பயம் இல்லை.

பி9-ல் உள்ள 250 எங்கிருந்து வந்தது? கான்கிரீட் கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 : 2000, தளங்களும் உத்திரங்களும் காலப்போக்கில் மொத்தமாக எவ்வளவு தொங்கலாம் என்பதற்குப் பொதுவாக வைத்திருக்கும் எல்லை, இடைத்தூரத்தில் 250-ல் ஒரு பங்கு. அதை நம் ஷெல்ஃபுக்குக் கடன் வாங்கிக்கொண்டேன். 900 மி.மீ.க்கு அது 3.6 மி.மீ.

மாற்றிப் பாருங்கள்

இப்போதுதான் ஒர்க்ஷீட்டின் உண்மையான பயன். பி1 முதல் பி10 வரை செலக்ட் செய்து காப்பி செய்யுங்கள். சி1, டி1, இ1 என்று அடுத்தடுத்த பத்திகளில் பேஸ்ட் செய்யுங்கள். சூத்திரத்தில் உள்ள பி என்பதை சி, டி என்று எக்ஸெல் தானே மாற்றிக்கொள்ளும். ஒவ்வொரு பத்தியிலும் ஓர் எண்ணை மட்டும் மாற்றுங்கள். எனக்குக் கிடைத்த விடைகள் இவை.

முதலில் எடுத்த பலகை – 8.33 மி.மீ.
அகலத்தை 450 ஆக்கினால் – 5.56 மி.மீ.
18 மி.மீ. பிளைவுட் போட்டால் – 3.47 மி.மீ.
18 மி.மீ. தேக்குப் பலகை போட்டால் – 2.08 மி.மீ.
அதே பார்ட்டிகிள் போர்டு, தடிமன் 25 மி.மீ. – 3.11 மி.மீ.
அதே 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டு, இடைத்தூரம் 600 மி.மீ. – 2.47 மி.மீ.
12 மி.மீ. பிளைவுட் – 11.72 மி.மீ.

கடைசி வரியைக் கவனியுங்கள். பிளைவுட் என்றாலே உறுதி என்று நினைத்து 12 மி.மீ. வாங்கினால், அது 18 மி.மீ. பார்ட்டிகிள் போர்டை விட மோசமாகத் தொங்கும். யங் குணகம் இரண்டு மடங்குக்கு மேல் இருந்தும் தடிமன் குறைந்ததால் எல்லாம் போய்விட்டது. தடிமனுக்கு மேல் அந்த ^3 உட்கார்ந்திருக்கிறது. தடிமனை இரண்டு மடங்கு ஆக்கினால் வளைவு எட்டில் ஒரு பங்காகக் குறையும். இடைத்தூரத்தை இரண்டு மடங்கு ஆக்கினால் வளைவு எட்டு மடங்காக ஏறும். அகலத்துக்கும் யங் குணகத்துக்கும் அப்படிப்பட்ட வேகம் கிடையாது.

சரியாக எத்தனை மி.மீ. தடிமன் வேண்டும் என்று எக்ஸெல்லையே கேட்கலாம். டேட்டா மெனுவில் வாட்-இஃப் அனாலிசிஸ் என்பதில் கோல் சீக் என்று ஒரு வசதி இருக்கிறது. கால்க் புரோகிராமில் இது டூல்ஸ் மெனுவில் இருக்கும். எக்ஸெல்லில் செட் செல் கட்டத்தில் பி8, டு வேல்யூ கட்டத்தில் 3.6, பை சேஞ்சிங் செல் கட்டத்தில் பி3 என்று கொடுத்து ஓகே அழுத்துங்கள். பி3-ல் 23.8 என்று வந்து நிற்கும். கடையில் 25 மி.மீ. கேட்க வேண்டும் என்று தெரிந்துவிட்டது. குறிப்பிட்ட விடை வருவதற்கு எந்த எண்ணைக் கொடுக்க வேண்டும் என்று பின்னாலிருந்து தேடுவதுதான் கோல் சீக்கின் வேலை. வங்கிக் கடன் தவணைக் கணக்குக்கும் இது உதவும்.

ஆசாரிக்குத் தெரிந்த விஷயம்

பலகை ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது, தொங்குகிறது, என்ன செய்வது? எங்கள் பக்கத்தில் வேலை செய்யும் ஒரு தச்சரிடம் இதைக் கேட்டேன். "பலகையை மாத்தவே வேணாம் சார். அடியில ஒரு ரீப்பரை நிக்க வச்சு அடிச்சுடுங்க. படுக்க வச்சு அடிச்சா பிரயோஜனம் இல்ல" என்றார். அவர் எந்தச் சூத்திரத்தையும் படித்ததில்லை. சொன்னதை எக்ஸெல்லில் போட்டுப் பார்ப்போம்.

பி11 – ரீப்பரின் அகலம்: 20
பி12 – ரீப்பரின் உயரம்: 40
பி13 – ரீப்பர் மரத்தின் யங் குணகம்: 10000
பி14 – ரீப்பரின் வடிவ எண்: =பி11*பி12^3/12
பி15 – புதிய வளைவு: =பி6*பி1^3/(48*(பி4*பி7+பி13*பி14))

பலகையும் ரீப்பரும் சேர்ந்து எடையைத் தாங்குவதால் இரண்டின் எண்களையும் கூட்டுகிறோம். பி15-ல் வரும் விடை 2.12. முதலில் 8.33 மி.மீ. தொங்கியது இப்போது நாலில் ஒரு பங்கு.

இப்போது பி11-ல் 40, பி12-ல் 20 என்று மாற்றுங்கள். அதே ரீப்பரைப் படுக்க வைத்துவிட்டோம். விடை 4.81. ஒரே கட்டை, ஒரே விலை. நிறுத்தினால் தேறுகிறது, படுக்க வைத்தால் தேறவில்லை. பிளாஸ்டிக் அடிக்கோலைத் தட்டையாகப் பிடித்து வளைத்துப் பாருங்கள், பிறகு விளிம்பு மேலே இருக்கும்படி பிடித்து வளைத்துப் பாருங்கள். கையே சொல்லிவிடும்.

இன்னும் ஆச்சரியம் ஒன்று உண்டு. நிற்கும் அந்தச் சின்ன ரீப்பர் மட்டும் தனியாகவே, ஓர் அடி அகலமுள்ள முழுப் பலகையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு விறைப்பானது. யங் குணகம், வடிவ எண் இரண்டையும் பெருக்கிப் பாருங்கள், தெரியும்.

வாட்டர் கேன் டெஸ்ட்

கடைக்காரர் சொல்லும் பலகையின் தரத்தை நம்பலாமா? நீங்களே சோதிக்கலாம். சென்னையில் எல்லார் வீட்டிலும் 20 லிட்டர் வாட்டர் கேன் இருக்கும். தண்ணீர் 20 கிலோ. கேனின் எடையையும் சேர்த்தால் 200 நியூட்டன் என்று எடுத்துக்கொள்ளலாம்.

1. ஒரே உயரமுள்ள இரண்டு செங்கல் அடுக்குகளை 900 மி.மீ. இடைவெளியில் வைத்து, அவற்றின் மேல் பலகையை வையுங்கள். உயரம் ஒரு ஜாணுக்கு மேல் வேண்டாம்.

2. பலகைக்கு அடியில் ஓர் அங்குலம் இடைவெளி விட்டுப் பழைய புத்தகங்களை அடுக்குங்கள். பலகை உடைந்தாலும் கேன் கவிழாது. குழந்தைகளைத் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

3. பலகையின் நடுப்பகுதியின் அடிவிளிம்பு தரையிலிருந்து எத்தனை மி.மீ. உயரத்தில் இருக்கிறது என்று இரும்பு ஸ்கேலால் அளந்து எழுதுங்கள்.

4. கேனை நடுவில் மெதுவாக வைத்து, ஒரு நிமிடம் கழித்து மறுபடி அளந்து பாருங்கள். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வளைவு.

5. கேனை எடுத்துவிட்டு மூன்றாவது முறை அளந்து பாருங்கள். பழைய அளவுக்கே திரும்பினால் அதுதான் மீட்சித் தன்மை.

என் வீட்டுப் பலகை 8 மி.மீ. இறங்கியது. காலியான ஒரு செல்லில் =200*900^3/(48*145800*8) என்று டைப் செய்தேன். 2,604 என்று வந்தது. இதுதான் அந்தப் பலகையின் யங் குணகம். கேனின் அடி அகலமாக இருப்பதால் உண்மையான எண் இதைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும். வீட்டு வேலைக்கு இந்தத் துல்லியம் போதும். உங்களுக்குக் கிடைத்த எண்ணை பி4-ல் போட்டுவிட்டால் இனி வரும் விடைகள் உங்கள் பலகைக்கே உரியவை.

ஒரு விஷயம். பார்ட்டிகிள் போர்டும் பிளைவுட்டும் எடை தொடர்ந்து இருந்தால் மெல்ல மெல்ல மேலும் தொங்கும். முதல் நாள் கணக்கிட்ட வளைவு சில மாதங்களில் இரண்டு மடங்கு ஆகலாம். ஆகவே பிரிண்டர் போல எப்போதும் இருக்கும் எடைக்கு பி9-ல் 250-ஐ 500 என்று மாற்றிக்கொள்ளுங்கள். அப்போது 1.8 மி.மீ.க்குள் வர வேண்டும். 40 மி.மீ. ரீப்பர் போதாது. 50 மி.மீ. உயரமுள்ள ரீப்பர் போட்டால் 1.24 மி.மீ. வரும். பத்து மி.மீ. உயரத்தில் பிரச்சினை தீர்ந்தது.

விறைப்பு வேறு, பலம் வேறு

இந்த ஒர்க்ஷீட் எவ்வளவு வளையும் என்று சொல்லும். எப்போது உடையும் என்று சொல்லாது. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

முறுக்குக் கம்பி விளம்பரங்களில் எஃப்இ 415, எஃப்இ 500, எஃப்இ 550 என்று பார்த்திருப்பீர்கள். எண் கூடக் கூட அதிக விசையைத் தாங்கும். ஆனால் மூன்றுக்கும் யங் குணகம் ஒன்றேதான், 2,00,000. தாங்கும் எல்லைக்குள் இருக்கும்வரை, ஒரே எடைக்கு மூன்றும் ஒரே அளவுதான் வளையும். விலை அதிகமான கம்பி விறைப்பையும் கூட்டும் என்று நினைப்பது தவறு.

எதிர்ப் பக்கத்தில் கடப்பா கல் இருக்கிறது. நம் சமையலறை ஷெல்ஃபுகளில் பார்க்கலாம். மரத்தைவிடப் பல மடங்கு விறைப்பு. தொங்கவே தொங்காது. ஆனால் எல்லை தாண்டினால் எச்சரிக்கை கொடுக்காமல் படாரென்று உடையும். கண்ணாடியும் இதே ரகம்தான். பார்ட்டிகிள் போர்டு தொங்கிக் காட்டுவதால் ஒரு நன்மையும் உண்டு. ஆபத்து வருவது முன்கூட்டியே தெரிகிறது.

இன்வெர்ட்டர் பேட்டரிக்கு வருவோம். 150 ஏஹெச் டியூபுலர் பேட்டரி ஆசிட்டோடு சேர்த்து 60 கிலோ வரை இருக்கும். பி5-ல் 60 போடுங்கள். நம் பார்ட்டிகிள் போர்டுக்கு 25 மி.மீ. வரும். அந்த அளவில் பலகை உடையும் எல்லையை நெருங்கிவிடும், நாளாக ஆக வளைவு கூடிக்கொண்டே போகும். ஆசிட் உள்ள பொருளை இப்படி வைக்கவே கூடாது. வெள்ளத்துக்குப் பயந்து உயர்த்துவதாக இருந்தால் தரையில் ஊன்றிய இரும்பு ஆங்கிள் ஸ்டாண்டு அல்லது செங்கல் மேடை கட்டி, அதன் மேல் வையுங்கள். சுவர் ஷெல்ஃப், பரண் பலகை இரண்டும் வேண்டாம்.

வீட்டு உத்திரம், தளம், தூண் இவற்றுக்கு இந்த ஒர்க்ஷீட்டை வைத்து முடிவெடுக்காதீர்கள். காட்டுப்பாக்கத்துக்குப் பக்கத்தில் உள்ள மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் உயிரிழந்தார்கள். அருகில் இருந்த இன்னொரு கட்டடத்தை 2016 நவம்பர் 2 அன்று வெடிவைத்துத் தகர்த்தார்கள். கட்டடத்துக்கு மண், அஸ்திவாரம், கம்பி, கான்கிரீட் என்று பல கணக்குகள் சேர வேண்டும். அது தகுதியுள்ள இன்ஜினியரின் வேலை.

தலைக்கு மேல் ஓடும் அதே கணக்கு

இருந்தாலும் பெரிய கட்டுமானங்களுக்கும் அடிப்படை இதே விதிதான். சென்னை மெட்ரோவின் இரண்டாம் கட்டத்தில், கலங்கரை விளக்கத்திலிருந்து பூந்தமல்லி பைபாஸ் வரை செல்லும் நான்காவது வழித்தடத்தின் நீளம் 26.1 கிலோமீட்டர். எங்கள் காட்டுப்பாக்கத்தில் அது சாலைக்கு மேலே தூண்களின் மேல் செல்கிறது. இங்கே ஒரு நிலையமும் அதில் உண்டு. பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மேலே பாருங்கள். ஒரு தூணிலிருந்து அடுத்த தூண் வரை போகும் உத்திரம் தட்டைப் பலகையாக இல்லை, உயரமாக இருக்கிறது. நம் ரீப்பரை நிறுத்தியதற்கும் அதற்கும் காரணம் ஒன்றுதான்.

கான்கிரீட்டின் யங் குணகத்துக்கு ஐஎஸ் 456 ஒரு எளிய சூத்திரம் தருகிறது. எம்20, எம்25 என்பதில் உள்ள எண்ணின் வர்க்க மூலத்தை 5,000-ஆல் பெருக்க வேண்டும். எக்ஸெல்லில் =5000*25^0.5 என்று போட்டால் 25,000 வரும். 25-க்குப் பதில் 50 போட்டால் 35,355. கான்கிரீட்டின் பலம் இரண்டு மடங்கு ஆகிறது, விறைப்பு 1.41 மடங்குதான் ஆகிறது. உயர்ந்த தரக் கான்கிரீட் போட்டால் மட்டும் வளைவு பாதியாகிவிடாது. உயரத்தைக் கூட்டியோ தூண்களை நெருக்கியோதான் அதைச் சாதிக்க வேண்டும்.

இன்ஜினியர்கள் பயன்படுத்தும் பெரிய புரோகிராம்கள் ஒரு கட்டடத்தையோ பாலத்தையோ ஆயிரக்கணக்கான சின்னத் துண்டுகளாகப் பிரிக்கின்றன. ஒவ்வொரு துண்டும் எவ்வளவு விறைப்பு என்று யங் குணகத்தையும் வடிவத்தையும் வைத்துக் கணக்கிட்டு, எல்லாவற்றையும் ஒரு பெரிய அட்டவணையில் அடுக்கி ஒன்றாகத் தீர்க்கின்றன. பி4-ல் நீங்கள் டைப் செய்த எண்ணை அங்கேயும் ஒருவர் டைப் செய்துதான் ஆக வேண்டும். இதை வீட்டில் செய்து பார்க்க விரும்பும் மாணவர்கள் ஃப்ரீகேட் என்ற இலவசப் புரோகிராமை டவுன்லோடு செய்யலாம். அதன் 1.0 பதிப்பு 2024 நவம்பரில் வந்தது. பலகையை வரைந்து, பொருளைத் தேர்ந்தெடுத்து, எடையை வைத்தால் எந்த இடம் எவ்வளவு வளைகிறது என்று வண்ணத்தில் காட்டும். முதலில் நம் 900 மி.மீ. பலகையையே அதில் வரைந்து, எக்ஸெல் சொன்ன 8.33 மி.மீ.க்குப் பக்கத்தில் விடை வருகிறதா என்று சரிபார்த்துவிட்டு மேலே போங்கள்.

கடைக்குப் போகும் முன்

மேஜையோ ஷெல்ஃபோ வாங்கும்போது நான்கு விஷயங்களை நினைவில் வையுங்கள். தாங்கிகளுக்கு இடையே உள்ள தூரத்தை டேப் வைத்து அளந்து பாருங்கள். இரண்டு அடிக்கு மேல் என்றால் நடுவில் ஒரு தாங்கி கேளுங்கள். பலகையின் பெயரைக் கேட்கும் முன் தடிமனைக் கேளுங்கள். கனமான பொருளை நடுவில் வைக்காமல் தாங்கிக்குப் பக்கத்தில் வையுங்கள். தொங்கும் பலகையைத் தூக்கி எறியாமல் அடியில் ஒரு ரீப்பரை நிறுத்தி ஸ்க்ரூ போடுங்கள்.

ஒர்க்ஷீட்டைப் பலகைக் கணக்கு என்ற பெயரில் சேவ் செய்து, செல்போனிலும் ஒரு காப்பி வைத்துக்கொள்ளுங்கள். கடையில் நின்றபடியே மூன்று எண்களை மாற்றினால் பி10-ல் சரி, தொங்கும் என்ற இரண்டில் ஒன்று வந்துவிடும்.